பெயரேடும் ஒரு சிறு பொய்யும்

இணையம் என்று இன்று நாம் அழைப்பதற்கு ஆர்ப்பாநெட் என்ற பெயர் இருந்த காலத்தில், அதன் கணினிகள் அனைத்தின் பெயர்களும் ஒரே ஒரு கோப்பில் அடங்கியிருந்தன. அக்கோப்பு கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க் நகரில், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தின் வலையமைப்புத் தகவல் மையத்தில் இருந்தது. அதற்கு ஹோஸ்ட்ஸ்.டெக்ஸ்ட் என்று பெயர். ஒரு வரிக்கு ஓர் எண் முகவரி, பக்கத்தில் அதற்குரிய பெயர், அவ்வளவுதான். புதிதாக ஒரு பல்கலைக்கழகமோ ஆய்வுக்கூடமோ வலையமைப்பில் சேர்ந்தால் அம்மையத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லவேண்டும், அதுவும் அலுவலக நேரத்தில். மையத்தில் இருப்பவர்கள் அந்தப் பெயர் ஏற்கெனவே வேறெவருக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரு வரி சேர்ப்பார்கள். மற்ற எல்லாக் கணினிகளும் அவ்வப்போது அக்கோப்பைப் பிரதி எடுத்துக்கொள்ளும்.

1972 முதல் 1989 வரை அம்மையத்தின் பொறுப்பில் இருந்தவர் எலிசபெத் ஃபைன்லர். நண்பர்களுக்கு 'ஜேக்'. உயிர்வேதியியல் படிக்கப்போய், வேதியியல் கட்டுரைகளை அட்டவணைப்படுத்தும் வேலைக்கு வந்து, அதன் வழியே கணினிக்காரர்களிடம் வந்து சேர்ந்தவர். நூலகர் மனம் என்று ஒன்று உண்டல்லவா, அது அவருக்கு வாய்த்திருந்தது. இணையத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கம்பிகளையும் நெறிமுறைகளையும் பற்றி எழுதுகிறார்கள். பெயரேட்டைப் பராமரித்தவரை ஒரு பத்தியில் கடந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டுப் பரணில் இருந்த பழைய மடிக்கணினி ஒன்றை எடுத்துத் தூசி தட்டி, அதை வீட்டுக்கே ஒரு பெயரேடாக மாற்ற முனைந்தபோதுதான் இவரைப் பற்றித் தேடிப் படித்தோம். (இக்கட்டுரையைக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். வாக்கியம் எங்கேனும் நீண்டு திணறினால் அங்கே ஒரு சண்டை நடந்தது என்று கொள்க.)

நாங்கள் செய்ய விரும்பியது எளிய காரியம். வீட்டிலுள்ள கைப்பேசிகள், தொலைக்காட்சி, கணினிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் இடத்தில் விளம்பரங்களைத் தடுப்பது. ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக ஒரு மென்பொருளை நிறுவாமல், வீட்டு வாசலிலேயே நிறுத்துவது. செய்துமுடிக்க ஒரு மாலை போதும் என்றார்கள். மூன்று வாரம் ஆயிற்று. ஆனால் அந்த மூன்று வாரத்தில் நாங்கள் கற்றுக்கொண்டது, இந்தச் சிறிய வசதிக்குப் பின்னால் ஐம்பதாண்டுக் கால வழக்கு ஒன்று இருக்கிறது என்பதைத்தான். ஒரு பெயரைச் சொல்லி 'இது எங்கே இருக்கிறது?' என்று கேட்பவனுக்கு உண்மையைத் தவிர வேறு எதையும் சொல்லலாமா, சொல்லலாம் என்றால் யார் சொல்லலாம் என்பதே அவ்வழக்கு.

பெயரேடும் விளம்பரமும் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டது 1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் தேதி. டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் என்னும் கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க், தம் நிறுவனத்தின் புதிய டெக்சிஸ்டம்-20 வகைக் கணினிகளின் செய்முறை விளக்கம் லாஸ் ஏஞ்சலஸிலும் சான் மட்டேயோவிலும் நடக்கப்போவதாக, அமெரிக்க மேற்குக்கரை ஆர்ப்பாநெட் பயனர்கள் ஏறத்தாழ நானூறு பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். முகவரிகள் எங்கிருந்து கிடைத்தன? அச்சிடப்பட்ட ஆர்ப்பாநெட் விவரப்புத்தகத்திலிருந்து. அதை வெளியிட்டதும் அதே தகவல் மையம்தான். ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் தொகுத்த ஏடு, விற்பவன் கைக்குப் போனதும் வேறொன்றாகிவிட்டது. மடல் அனுப்பும் நிரல் அத்தனை பேரைத் தாங்கவில்லை. பெறுநர் பட்டியல் தலைப்பகுதியில் இடம் போதாமல் வழிந்து மடலின் உடலுக்குள் இறங்கியது. வலையமைப்பை நிர்வகித்த ராணுவத் தகவல்தொடர்பு அமைப்பு, இது விதிகளை மீறிய செயல் என்று கண்டித்தது. சுவையான ஒரு கிளைக்கதை: பிற்காலத்தில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தலைவரான ரிச்சர்ட் ஸ்டால்மன், மடலைப் பார்க்காமலேயே இதிலென்ன தவறு என்கிற தொனியில் எழுதிவிட்டு, பிறகு அந்த நீண்ட தலைப்பகுதியைக் கண்ணால் கண்டதும் தம் சொற்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கொள்கை வேறு, நம் திரையில் வந்து விழுவது வேறு.

ஒரே கோப்பு என்ற ஏற்பாடு நெடுநாள் தாங்கவில்லை. கணினிகள் பெருகப் பெருகக் கோப்பும் வளர்ந்தது; அதைப் பிரதி எடுப்பவர்களும் பெருகினார்கள். ஆக, சுமை கணினிகளின் எண்ணிக்கையின் வர்க்கமாகப் பெருகிற்று. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த ஜான் போஸ்டல், இதற்கென வந்திருந்த பல யோசனைகளைப் பார்த்து ஒரு சமரசம் கண்டுபிடிக்குமாறு பால் மோக்கபெட்ரிஸ் என்ற இளைஞரிடம் கொடுத்தார். அவர் சமரசம் செய்யாமல் தாமே புதிதாக ஒன்றை எழுதினார். 1983 நவம்பரில் வெளியான அதுதான் டி.என்.எஸ். எனப்படும் பெயர் முறைமை. எல்லாப் பெயரையும் ஒருவரே வைத்திருக்க வேண்டியதில்லை. வேர் என்ற உச்சியில் இருப்பவருக்கு 'காம்' யாரிடம் இருக்கிறது என்று மட்டும் தெரியும். 'காம்' வைத்திருப்பவருக்கு அதன் கீழுள்ள பெயர் யாரிடம் என்று மட்டும் தெரியும். அந்தப் பெயருக்கு உரியவர் தம் வீட்டு விவரத்தைத் தாமே சொல்வார். ஊரில் வழி கேட்பதைப் போலத்தான். தேரடியில் கேட்டால் 'மேலத்தெருவுக்குப் போய்க் கேளுங்கள்' என்பார்கள். மேலத்தெருவில் கேட்டால் 'மூன்றாவது வீடு' என்பார்கள். எல்லோரும் உண்மை சொல்வார்கள் என்ற நம்பிக்கையின்மேல் நிற்பது அது. 1983இல் அந்த நம்பிக்கை அசட்டுத்தனமாகத் தோன்றவில்லை.

பழைய கோப்பு மறைந்துவிடவில்லை. ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் அது ஒரு சிறு எச்சமாகத் தங்கிவிட்டது. யூனிக்ஸ் வழிவந்தவற்றில் இருந்தது. பிறகு விண்டோஸிலும் வந்து உட்கார்ந்தது. வெளியே போய்க் கேட்பதற்குமுன் கணினி முதலில் இதைப் பார்க்கும். இதில் எழுதியிருப்பதே வேதம். விளம்பரத் தடுப்பின் கதை முழுவதும் இந்த எச்சத்திலிருந்து முளைத்தது.

1994 அக்டோபர் 27 அன்று வயர்ட் இதழின் இணையப் பதிப்பான ஹாட்வயர்டில் வலைப்பக்கப் பட்டை விளம்பரங்கள் தொடங்கின. ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் பட்டை அவற்றுள் புகழ்பெற்றது. இங்கே எப்போதாவது சொடுக்கியதுண்டா என்று கேட்டுவிட்டு, இனிச் சொடுக்குவீர்கள் என்று தானே பதிலும் சொன்ன கறுப்புப் பட்டை. அதே ஆண்டு நெட்ஸ்கேப்பில் லூ மொண்டுலி குக்கியை உருவாக்கினார். தளம் தன் வாசகரை மறுமுறை அடையாளம் காண ஒரு சிறு குறிப்புச்சீட்டு, அவ்வளவே அதன் நோக்கம். ஆனால் விளம்பரத்தொழில் விரைவில் ஒன்றைக் கண்டுகொண்டது. ஒவ்வொரு தளமும் தன் விளம்பரத்தைத் தானே வைத்துக்கொள்ளவேண்டும் என்பதில்லை. ஆயிரம் தளங்களுக்கான விளம்பரத்தையும் ஒரே நிறுவனத்தின் கணினி அனுப்பலாம். அப்படிச் செய்தால் அந்நிறுவனத்தின் குக்கி ஆயிரம் தளங்களிலும் அதே வாசகரைப் பின்தொடரும். 1996இல் தொடங்கிய டபுள்கிளிக் இதையே பெருந்தொழிலாக்கிற்று; 2007இல் கூகுள் அதை 310 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது.

இந்த ஏற்பாட்டிலேயே அதன் பலவீனமும் இருந்தது. கட்டுரை ஓரிடத்திலிருந்து வருகிறது, விளம்பரம் வேறிடத்திலிருந்து வருகிறது. அந்த வேறிடத்துக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை உலாவி கேட்கும்போது தவறான முகவரியைக் கொடுத்துவிட்டால்? யார் முதலில் செய்தார் என்று ஒருவரைச் சுட்டமுடியாது. 1990களின் பிற்பகுதியில் பலர் தங்கள் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து, விளம்பரக் கணினிகளின் பெயர்களை எழுதி, எதிரில் 127.0.0.1 என்று போட்டார்கள். அது 'நான்தான்' என்று பொருள்படும் முகவரி. உலாவி விளம்பரத்தைத் தேடித் தன் வீட்டுக் கதவையே தட்டி, யாருமில்லை என்று திரும்பிவரும். பின்னர் 0.0.0.0 என்று எழுதுவது வழக்கமாயிற்று; அது போய்ச்சேர முடியாத இடம் ஆகையால் கதவைத் தட்டும் அந்த நேரமும் மிச்சம். ஃபைன்லரின் மையம் கணினிகளைக் கண்டுபிடிக்க எழுதிய அதே வடிவத்தில், கண்டுபிடிக்கக்கூடாத கணினிகளின் பட்டியல்களைத் தன்னார்வலர்கள் தொகுத்து இணையத்தில் வைத்தார்கள். டான் பொல்லாக், பீட்டர் லோ, பிற்காலத்தில் ஸ்டீவன் பிளாக் ஆகியோரின் பட்டியல்கள் இவற்றுள் நீண்டநாள் நிலைத்தவை.

இங்கே சற்று நிற்கவேண்டும். பயனர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பொய்க்கும், பிறர் அவருக்குச் சொல்லும் பொய்க்கும் உள்ள வேறுபாடு 2003இல் பளிச்சென்று வெளிப்பட்டது. 'காம்', 'நெட்' என்னும் இரண்டு பெரும் பெயர்த்தொகுதிகளின் பதிவேட்டை வைத்திருந்த வெரிசைன் நிறுவனம், அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் தேதி ஒரு மாற்றம் செய்தது. அதுவரை, யாரும் பதிவு செய்யாத ஒரு பெயரைக் கேட்டால் 'அப்படி ஒன்று இல்லை' என்ற பதில் வரும். அன்றுமுதல் இல்லாத பெயர்களுக்கெல்லாம் வெரிசைன் தன் கணினியின் முகவரியைக் கொடுத்தது. எழுத்துப்பிழையோடு தட்டியவர்கள் எல்லோரும் சைட்ஃபைண்டர் என்ற தேடல், விளம்பரப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 'இல்லை' என்ற சொல்லே இரண்டு பெரும் தொகுதிகளிலிருந்து காணாமற்போயிற்று. அனுப்புநர் முகவரி உண்மையில் உள்ளதுதானா என்று பார்த்துக் குப்பை மடலை வடிகட்டிய நிரல்கள் குழம்பின. உலகில் எல்லாப் பெயரும் இருப்பதாகிவிட்டதல்லவா! டி.என்.எஸ். கணினிகளில் பெரும்பான்மை பயன்படுத்திய பைண்ட் மென்பொருளைப் பராமரித்தவர்கள் சில நாட்களிலேயே ஒரு திருத்தம் வெளியிட்டு, அந்தப் பொய்ப்பதிலை மறுபடி 'இல்லை'யாக மாற்ற வழி செய்தார்கள். பெயர் நிர்வாகத்தை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு கடுமையாக எச்சரித்தபின் அக்டோபர் 4 அன்று வெரிசைன் அதை நிறுத்தியது. மூன்று வாரத்துக்கும் குறைவு. ஆனால் அந்த யோசனை சாகவில்லை. அதன்பின் வந்த ஆண்டுகளில் இணைய இணைப்புத் தரும் நிறுவனங்கள் பல, தங்கள் வாடிக்கையாளர் பிழையாகத் தட்டும் பெயர்களைத் தங்கள் விளம்பரப் பக்கங்களுக்குத் திருப்பின.

பைண்டின் வரலாற்றோடு பிணைந்த பால் விக்ஸி இவ்விஷயத்தில் எங்களுக்கு மிகவும் நெருக்கமானவராகத் தோன்றுகிறார், அவர் தமக்குள்ளேயே வழக்காடியவர் என்பதால். 2009இல் அவர் எழுதிய கட்டுரையொன்றில், டி.என்.எஸ். உண்மையைச் சொல்லவே உண்டாக்கப்பட்டது, கேட்பவர் யார் என்று பார்த்து வெவ்வேறு கதை சொல்ல அல்ல என்று வாதிட்டார். அடுத்த ஆண்டே, மோசடிக்காரர்களின் பெயர்களுக்குப் பொய்ப்பதில் கொடுக்க ஒரு பொறிமுறையை அவரும் வெர்னன் ஷ்ரைவரும் சேர்ந்து பைண்டில் புகுத்தினார்கள். முரண்பாடு என்று சொல்லிக் கைகொட்டலாம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. நோயாளி விரும்பிக் கேட்டுக்கொண்ட மயக்கமருந்துக்கும், வழிப்பறிக்காரன் கொடுத்த மயக்கமருந்துக்கும் மருந்து ஒன்றுதான்.

அந்த மருந்து அரசுகளின் கையிலும் இருக்கிறது. 2014 மார்ச்சில் துருக்கி அரசு ட்விட்டரைத் தடுத்தபோது முதலில் பயன்படுத்தியது இதே உத்தியைத்தான். நாட்டின் இணைய நிறுவனங்களின் டி.என்.எஸ். கணினிகள் அப்பெயருக்குப் பொய் சொன்னன. மக்கள் வேறு பெயரேட்டைக் கேட்கத் தொடங்கினார்கள். கூகுள் 2009 முதல் பொதுவில் நடத்திவந்த பெயரேட்டின் எண், 8.8.8.8, இஸ்தான்புல் நகரச் சுவர்களில் வண்ணத்தால் எழுதப்பட்டது. சுவரெழுத்தாக ஓர் ஐ.பி. முகவரி! மாத இறுதிக்குள் அந்த எண்ணுக்குப் போகும் பாதையையே திருப்பிவிட்டு, அங்கும் பொய்ப்பதில் கிடைக்கும்படி செய்தார்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். உலாவிக்குள் தடுக்கும் கலை தனியாக வளர்ந்தது. 2002இல் டென்மார்க்கின் ஹென்ரிக் ஆஸ்டெட் சோரன்சென் எழுதிய ஆட்பிளாக், 2006இல் விளாதிமிர் பலாண்ட் எழுதிய ஆட்பிளாக் பிளஸ், 2014இல் ரேமண்ட் ஹில் தொடங்கிய யூபிளாக் என்று அது ஒரு பரம்பரை. அவற்றுக்குத் தீனியிட்ட ஈஸிலிஸ்ட் பட்டியலைத் தொடங்கிய ரிக் பெட்னல் 2009இல் காலமானார். பட்டியலை மற்றவர்கள் எடுத்துக்கொண்டு தொடர்ந்தார்கள். ஆனால் கைப்பேசிச் செயலிக்குள்ளும் தொலைக்காட்சிக்குள்ளும் இத்தகைய நீட்சிகளை நுழைக்க இடமில்லை. அவை நம் வீட்டில் இருந்தாலும் நம் சொல் கேட்பவை அல்ல. ஆனால் அவையும் பெயரைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

2012 பிப்ரவரி 29 அன்று கேம்பிரிட்ஜிலிருந்து ராஸ்பெரி பை என்ற, உள்ளங்கையளவுக் கணினி 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. பள்ளிப்பிள்ளைகள் நிரல் எழுதக் கற்கவேண்டும் என்பது எபன் அப்டனும் நண்பர்களும் கொண்ட நோக்கம். பிள்ளைகளோடு பெரியவர்களும் வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் மேசையில் வைத்துக்கொண்டார்கள். அப்போது ஆட்டிராப் என்றொரு பெட்டி, வீட்டு இணைப்பில் மாட்டினால் விளம்பரம் வராது என்ற வாக்குறுதியோடு சந்தைக்கு வந்திருந்தது. அதற்கு மாற்றாக, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கவும் திருத்தவும் கூடிய நிரலாக, ஜேக்கப் சால்மெலா 2014இல் பை-ஹோல் என்பதைத் தொடங்கினார். உள்ளே புதிதாக ஒன்றுமில்லை என்பதே அதன் அழகு. சைமன் கெல்லி நெடுங்காலமாகப் பராமரித்துவரும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு பெயரேட்டு நிரல், தன்னார்வலர்களின் ஹோஸ்ட்ஸ் பட்டியல்கள், பார்க்க ஒரு வலைப்பக்கம். பிற்காலத்தில் டிஎன்எஸ்மாஸ்கைத் தங்களுக்கேற்ப மாற்றிக் கொண்டார்கள். கருந்துளை என்ற உவமையைப் பிடித்துக்கொண்டவர்கள் விடவில்லை: பட்டியல் கிடங்குக்கு 'கிராவிட்டி' என்று பெயர், மாற்றியமைத்த பொறிக்கு 'ஒளியைவிட வேகம்' என்று பொருள்படும் பெயர்.

ராஸ்பெரி பை இல்லாவிட்டாலும் பாதகமில்லை. எங்கள் பரண் மடிக்கணினியில் டெபியன் நிறுவி அதில் பை-ஹோலைப் போட்டோம். அதற்கு மாறாத ஒரு முகவரி கொடுத்தோம். பிறகு ரௌட்டரின் அமைப்புக்குள் போய், வீட்டுக் கருவிகளுக்கெல்லாம் இதுதான் பெயரேடு என்று அறிவிக்கச் செய்தோம். வேலை முடிந்தது. விளம்பரம் வந்துகொண்டே இருந்தது.

முதற்பிழை, புத்திசாலித்தனத்தால் வந்தது. ரௌட்டரில் பெயரேட்டுக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. முதலாவதில் மடிக்கணினி, இரண்டாவதில், ஒருவேளை அது படுத்துவிட்டால் உதவுமென்று, 8.8.8.8. கருவிகள் இரண்டாவதை ஆபத்துக்காலத்துக்கென்று ஒதுக்கி வைப்பதில்லை. தோன்றியபோது தோன்றியவரைக் கேட்கின்றன. பொய் சொல்பவரும் உண்மை சொல்பவரும் அருகருகே உட்கார்ந்திருந்தால் பொய் பலிக்காது. இரண்டாவது கட்டத்தைக் காலியாக்கினோம். பாதி விளம்பரம் நின்றது. மீதிக்குக் காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று: இணைப்பு நிறுவனம் ஐ.பி.யின் ஆறாம் பதிப்பு வழியாகத் தன் பெயரேட்டைத் தனியே அறிவித்துக்கொண்டிருந்தது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவை மறந்த கதை. அதையும் மூடியபின் ஓர் இரவு மின்சாரம் போய், மடிக்கணினியின் பழைய பேட்டரி உயிரை விட்டது. மின்சாரம் வந்த பிறகும் மடிக்கணினி தானாக எழவில்லை. வீடு முழுவதும் 'நெட் போயிடுச்சு' என்ற குரல். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது. யாருக்கும் எந்தப் பெயரும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் சரியானபின் பதிவேட்டைப் பார்ப்பது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்காயிற்று. பை-ஹோல் ஒவ்வொரு கேள்வியையும் குறித்துவைக்கிறது: எந்தக் கருவி, எந்தப் பெயர், எத்தனை மணிக்கு. யாரும் பார்க்காமல் அணைத்து வைத்திருந்த தொலைக்காட்சி இரவெல்லாம் எதையோ எங்கோ சொல்ல முயன்றுகொண்டிருந்தது கண்டு சிரித்தோம். விளம்பர நிறுவனங்களைக் கையும் களவுமாகப் பிடித்த மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியில் ஒரு நாள் அதிகாலை இரண்டரை மணிக் கேள்விகள் கண்ணில் பட்டன. பெரியம்மாவின் கைப்பேசி. ஒரு பரிசோதனைக்கூடத்தின் பெயர், பிறகு ஒரு மருத்துவமனையின் பெயர், பிறகு ஒரு குறிப்பிட்ட நோயைப் பற்றி மட்டுமே பேசும் இரண்டு தளங்கள். அடுத்த இரவும் அவையே.

பெரியம்மா யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. காலையில் வழக்கம்போல் காபி கொடுத்தார், செய்தித்தாளை மடித்து வைத்தார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கேட்டால் எப்படித் தெரியும் என்பார். கேட்காவிட்டால் தெரிந்துகொண்டு கேட்காதவர்கள் ஆவோம். ஆயிரம் தளங்களில் பின்தொடரும் நிறுவனத்தை வாசலில் நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் அதே வேலையை நாங்கள் செய்துகொண்டிருந்தோம். அந்நிறுவனத்துக்காவது அவர் பெயர் தெரியாது. பை-ஹோலில் அந்தரங்க அளவு என்று ஓர் அமைப்பு உண்டு. பெயர்களை மறைப்பது, கருவிகளை மறைப்பது, எல்லாவற்றையும் மறைப்பது என்று படிகள். அன்றே கடைசிப் படிக்கு மாற்றி, இருந்த பதிவை அழித்தோம். மூன்று வாரம் கழித்துப் பெரியம்மா தாமே சொன்னார். பயந்த அளவுக்கு இல்லை, மாத்திரையோடு போயிற்று. அவர் சொன்னபோது முதன்முறை கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதை அவர் நம்பினாரா என்பது இன்றளவும் எங்களுக்குத் தெரியாது.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. 2019இல் பின்தொடரும் நிறுவனங்கள் சில, செய்தித்தளங்களின் சொந்தப் பெயருக்குக் கீழேயே ஒரு கிளைப்பெயர் வாங்கி அதற்குள் ஒளிந்துகொண்டது தெரியவந்தது. பிரெஞ்சு நாளிதழ் ஒன்றின் தளத்தில் முதலில் பரவலாகக் கவனிக்கப்பட்டது. அந்தக் கிளைப்பெயர் உண்மையில் எந்தப் பெயரின் புனைபெயர் என்று இறுதிவரை போய்ப் பார்க்கும் வழக்கம் 2020இல் பை-ஹோலுக்கு வந்தது. இதற்கிடையில், பெயர்க்கேள்வியையே மறைபொருளாக்கி வலைப்பக்கப் போக்குவரத்தோடு கலந்து அனுப்பும் நெறிமுறை 2018 அக்டோபரில் வெளியாகி, 2020 பிப்ரவரி முதல் அமெரிக்காவில் ஃபயர்ஃபாக்ஸ் அதைத் தானாகவே பயன்படுத்தத் தொடங்கியது. இணைப்பு நிறுவனங்களின் வேவிலிருந்தும் பொய்யிலிருந்தும் பயனரைக் காக்க வந்தது அது. துருக்கிச் சுவரில் எழுதியவர்கள் வரவேற்றிருப்பார்கள். ஆனால் வீட்டுப் பெயரேட்டுக்கும் அதே கதிதான். யார் சொல்வது நல்ல பொய் என்று நெறிமுறைக்குத் தெரியாது. கூகுளின் யூடியூபைப் போலப் படமும் விளம்பரமும் ஒரே பெயரிலிருந்து வரும் இடங்களில் இந்த உத்திக்கு ஆரம்பம் முதலே வேலையில்லை.

சட்டமும் தன் பங்குக்கு நுழைந்தது. ஜெர்மனியின் ஆக்சல் ஸ்பிரிங்கர் பதிப்பகம் ஆட்பிளாக் பிளஸ்மேல் தொடுத்த வழக்கில், அத்தகைய மென்பொருள் சட்டவிரோதமான போட்டியல்ல என்று அந்நாட்டு உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பதிப்புரிமைக் கோணத்தில் தொடுத்த இன்னொரு வழக்கை அதே நீதிமன்றம் 2025 ஜூலையில் மறுபடி விசாரிக்கக் கீழே அனுப்பியது.

சிற்றிதழ் வாசகர்களான நம்மைச் சுடும் இடம் வேறு. நாங்கள் வாராவாரம் படிக்கும் ஒரு சிறிய இலக்கியத்தளம், ஓரத்தில் இரண்டு விளம்பரங்களை வைத்து அந்தக் காசில் சர்வர் வாடகை கட்டுகிறது. அதன் விளம்பரத்தை மட்டும் அனுமதித்துவிடுவோம் என்று முயன்றபோதுதான் இந்த உத்தியின் முரட்டுத்தனம் புரிந்தது. பெயரேட்டுக்கு எந்தப் பெயர் கேட்கப்படுகிறது என்று தெரியும். எந்தப் பக்கத்தைப் படிக்கும்போது கேட்கப்படுகிறது என்று தெரியாது. இலக்கியத்தளத்துக்கும், ஜோசியத்தளத்துக்கும், இரவெல்லாம் பேசும் தொலைக்காட்சிக்கும் விளம்பரம் அதே பெருநிறுவனத்தின் பெயரிலிருந்துதான் வருகிறது. ஒருவருக்குத் திறந்தால் எல்லோருக்கும் திறந்தாயிற்று. உலாவிக்குள் இருக்கும் தடுப்பான் இந்த வேறுபாட்டை அறியும். வாசலில் நிற்கும் காவலாளி அறியமாட்டான். கடைசியில் அந்தத் தளத்துக்கு ஆண்டுக்கொரு முறை நேரடியாகப் பணம் அனுப்பி வருகிறோம். பணம் அனுப்ப வழியில்லாத தளங்களை ஓசியில் படிக்கிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதை எழுதலாமா என்பதில்தான் எங்களுக்குள் மிகப் பெரிய சண்டை நடந்தது.

சில மாதங்களுக்குமுன் பெரியம்மா கைப்பேசியை நீட்டியபடி வந்தார்.

"ஏம்ப்பா, மத்தவா போன்லெல்லாம் புடவை விளம்பரம் வருதாம். என் போன்ல மட்டும் வெள்ளையா கட்டம் கட்டமா இருக்கே, ஏதாவது ரிப்பேரா?"

விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார். தீபாவளி மலர் வாங்கினால் கதைக்கு முன்னால் புடவை விளம்பரத்தைப் பார்ப்பவர் அவர்; அந்தப் பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொண்டு கடைக்குப் போனவர். "அதை யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?" என்றார். யாரையும் கேட்கவில்லை.

அவர் கைப்பேசியில் வீட்டு இணைப்புக்கான அமைப்பைத் திறந்து, பெயரேடு என்ற கட்டத்தில் எங்கள் மடிக்கணினியின் எண்ணை எடுத்துவிட்டு வெளியே இருக்கும் ஒரு பொதுப் பெயரேட்டின் எண்ணைப் போட்டுக் கொடுத்தோம். இனி அவருடைய கேள்வி எதுவும் எங்கள் பரண் கணினிக்கு வராது. அன்று மாலையே மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப்புடவையைக் கொண்டுவந்து காட்டினார்.